வெள்ளிக்கிழமைப் பாட்டை நிப்பாட்ட வேணாம் தம்பி

கேள்வி:

அக்கா, நான் கோட்டைப் பக்கம் ஒரு ஐடி கம்பெனியில சப்போர்ட் டீம்ல வேலை செய்றேன், வெள்ளவத்தையில ரூம் எடுத்து இருக்கிறேன். புதுசு புதுசா பாட்டுத் தேடிக் கேக்கிறது எனக்குப் பைத்தியம், எந்த நாட்டுப் பாட்டு எண்டாலும் சரி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்கட டீம் வட்ஸ்அப் குரூப்ல அந்தக் கிழமை கண்டுபிடிச்ச ஒரு பாட்டைப் போடுவேன். சும்மா போட மாட்டேன், மேனேஜ்மென்ட் சர்க்கியுலர் மாதிரி நக்கலா எழுதித்தான் போடுவேன். 'சகல ஸ்டேக்ஹோல்டர்களின் கவனத்துக்கு, இந்த வாரத்துக்கான சோனிக் டெலிவரபிள் இத்துடன் ரோல்அவுட் செய்யப்படுகிறது, உங்கட பேண்ட்வித்தை அலைன் பண்ணிக் கேட்டு, திங்களுக்கு முதல் லேர்னிங்ஸோட சேர்க்கிள் பேக் பண்ணவும்.' இப்பிடி. எல்லாரும் சிரிப்பாங்க. பிறகு திங்கட்கிழமை மீட்டிங்குக்கு எண்டு ஒரு பிங்கோ கார்டும் செஞ்சேன், புது ஹெட் சினர்ஜி, டீப் டைவ் எண்டு சொல்லச் சொல்ல நாங்க டிக் பண்ணுவம். அந்தக் கார்ட் எப்பிடியோ அவர்ட கைக்குப் போயிட்டுது. எச்ஆர்ல கூப்பிட்டு 'இது எங்கட கல்ச்சருக்கு ஃபிட் இல்ல' எண்டு சொன்னாங்க. அதோட இன்னொண்டு. ஹட்டன்ல இருந்து வந்து அக்கவுன்ட்ஸ்ல வேலை செய்ற ஒரு தங்கச்சி, அவட ஈமெயில்ல இருந்த ஒரு வசனத்தை நான் நக்கல் சர்க்கியுலர்ல போட்டபிறகு குரூப்ப விட்டுப் போயிட்டா, என்னோட கதைக்கிறதும் இல்ல. கடைசியாப் போட்டது கேப் வேர்ட் தீவுல இருந்து செசாரியா எவோரா எண்டு ஒரு அம்மா பாடின பாட்டு. ஒரு சொல்லும் விளங்கேல்ல, ஆனா மட்டக்களப்புல எங்கட அம்மம்மாட வீட்டுக்குப் பக்கத்துல பறங்கி ஆக்கள்ட கல்யாணத்துல சின்ன வயசுல கேட்டது ஞாபகம் வந்து அழுகை வந்திட்டு. அக்கா, எல்லாத்தையும் நிப்பாட்டணுமா? அந்த ஒபிஸ்ல பாட்டு மட்டும்தான் நான்.

பதில்:

தம்பி, முதல்ல முடிவைச் சொல்லிட்டு பிறகு காரணத்துக்கு வாறேன், ஏனெண்டா நீங்க பயந்துபோய் எழுதியிருக்கிறது விளங்குது. பாட்டை நிப்பாட்ட வேணாம். நக்கல் சர்க்கியுலரை ஒபிஸ் குரூப்ல நிப்பாட்டுங்க. பிங்கோ கார்டைக் கிழிச்சுப் போடுங்க. அந்தத் தங்கச்சிட்ட இந்தக் கிழமைக்குள்ள போய் மன்னிப்புக் கேளுங்க, மெசேஜ்ல இல்ல, நேர்ல, வேற ஆக்கள் இல்லாத நேரத்துல.

எச்ஆர் கதையை முதல்ல முடிச்சிருவம், நான் கனகாலம் அந்தக் கதிரையில இருந்து வேலை பாத்தவள். வாயால கூப்பிட்டுக் கதைக்கிறது வோர்னிங் லெட்டர் இல்ல. 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடத்துல, ஒழுக்காற்றுக் காரணம் காட்டி ஒருத்தரை வேலையால நிப்பாட்டினா அந்தக் காரணத்தை எழுத்துல குடுக்கணும் எண்டு 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம் சொல்லுது. ஒரு பாட்டுக்கும் ஒரு பகிடிக்கும் நாளைக்கு வேலை போயிரும் எண்டு நித்திரை இல்லாம இருக்க வேணாம். ஆனா கதை சும்மா காத்துல இருக்கவும் விடாதீங்க. எச்ஆர்ல கதைச்சவங்களுக்கு சின்னதா ஒரு ஈமெயில் போடுங்க, 'நீங்க சொன்னது விளங்கிட்டுது, சர்க்கியுலர் மாதிரி எழுதுறதை ஒபிஸ் குரூப்ல இனி செய்ய மாட்டேன், பாட்டுக்கு வேற குரூப் ஒண்டு வச்சுக்கொள்றேன், அதுல ஏதும் பிரச்சினையா எண்டு சொல்லுங்க' எண்டு. எழுத்துல இருந்தா உங்களுக்கும் நல்லம், அவங்களுக்கும் நல்லம். புது ஹெட்டிட்ட தனியாப் போய் விளக்கம் குடுக்கத் தேவையில்ல, அவராக் கேட்டா மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க, அவர் பேசேக்க கார்ட்ல டிக் போட்டது சரியில்ல எண்டு.

பிங்கோவைப் பத்தி ஒண்டு சொல்லணும். இது உங்கட கண்டுபிடிப்பு இல்ல, 1990கள்ட தொடக்கத்துல அமெரிக்காவுல கம்ப்யூட்டர் கம்பெனிகள்ல வேலை செய்தவங்க ஆரம்பிச்ச விளையாட்டு. 1996ல அங்க எம்ஐடி பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு அப்ப துணை ஜனாதிபதியா இருந்த அல் கோர் பேச வந்தப்ப மாணவர்கள் பிங்கோ கார்ட் அச்சடிச்சுக் குடுத்திருந்தாங்க, அவருக்கும் முதலே தெரியும், மேடையிலயே அதைச் சொல்லி ஏத்துக்கொண்டார். அந்தக் கதை ஏன் அழகா இருக்கு எண்டா, கார்ட் வச்சிருந்த பிள்ளைகளுக்கு அவர் பொஸ் இல்ல, அவருக்கும் அதால ஒரு நட்டமும் இல்ல. உங்கட ஹெட் புதுசா வந்தவர், அவருக்கு மேலயும் ஆக்கள் இருக்கிறாங்க, தான் பேசேக்க டீம் ஆக்கள் குனிஞ்சு டிக் போட்டாங்க எண்டு தெரிஞ்சா எந்த மனுசனுக்கும் அவமானமாத்தான் இருக்கும். அவர்ட இங்கிலீஷ் உங்களுக்குப் பிடிக்காட்டியும் அந்த அவமானம் உண்மை.

இப்ப சொற்களுக்கு வாறேன், இதுதான் எனக்கு முக்கியம்.

ஒபிஸ் பாஷையைக் கண்டு உங்களுக்குக் கோவம் வாறது சரியான கோவம் தம்பி, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். 2022 நினைவிருக்கும் தானே, மார்ச் முடியிற நேரம் 13 மணித்தியாலம் கரண்ட் கட், பெற்றோல் லைன், சாமான் விலை ஒவ்வொரு நாளும் ஏறுது. அந்த வருசம் ஒரு இடத்துல நான் பாத்த சர்க்கியுலர்ல ரைட்சைசிங் எண்டு இருந்துச்சு, ரிசோர்ஸ் ஒப்டிமைசேஷன் எண்டு இருந்துச்சு, ஜேர்னி எண்டு இருந்துச்சு, ரெண்டு பக்கம் முழுக்க வாசிச்சும் எத்தனை பேர்ட வேலை போகுது, எந்தத் திகதியில போகுது, கடைசிச் சம்பளம் எப்ப வரும் எண்டு ஒரு இடத்துலயும் இல்ல. ரெண்டு பிள்ளைட தாய் ஒருத்தி அந்தத் தாளைக் கொண்டுவந்து 'மிஸ், இதுல என்ட பேர் இருக்கா இல்லையா' எண்டு கேட்டா. அவட கேள்விக்கு அந்தத் தாள்ல பதில் இல்லாமப் போனது தற்செயலா நடந்தது இல்ல, பதில் சொல்லாம இருக்கிறதுக்குத்தான் அந்தச் சொற்களை எடுத்தது. அதைச் செய்தவங்க நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சவங்க, நேராச் சொல்லத் தெரியாதவங்க இல்ல.

இன்னொரு உதாரணம். 1987ல கலிபோர்னியாவுல பசிபிக் பெல் எண்ட டெலிபோன் கம்பெனி சார்ல்ஸ் க்ரோன் எண்ட ஒரு கன்சல்டன்டிட யோசனையில பல கோடி டொலர் செலவழிச்சு ஊழியர்களுக்கு ட்ரெய்னிங் குடுத்துச்சு. அதுல புதுசா ஒரு சொற்கூட்டத்தையே பழகச் சொன்னாங்க, சாதாரணச் சொல்லுக்கெல்லாம் வேற அர்த்தம், ஊழியர்களுக்குத் தலையும் விளங்கேல்ல வாலும் விளங்கேல்ல. முறைப்பாடு பேப்பர் வரைக்கும் போய், அந்த மாநிலத்துல டெலிபோன் கட்டணத்தைக் கண்காணிக்கிற ஆணைக்குழுவே விசாரிச்சுது, ஏனெண்டா அந்தச் செலவு கடைசியா சனங்கள்ட போன் பில்லுலதான் ஏறும். ஆக விளங்காத பாஷைக்கு ஒரு விலை இருக்கு, அதைக் கட்டுறது பெரும்பாலும் அதை எழுதினவங்க இல்ல.

இந்த இடத்துல நக்கல் செஞ்சா நான் உங்களோட நிப்பேன்.

ஆனா அந்தத் தங்கச்சி? அவ என்ன எழுதினா எண்டு நீங்க சொல்லேல்ல, ஆனா எனக்கு ஊகிக்க ஏலும், 'கைன்ட்லி டூ த நீட்ஃபுல்' இல்லாட்டி 'ப்ளீஸ் ரிவர்ட் அட் யுவர் ஏர்லியஸ்ட்', இப்பிடி ஏதோ ஒண்டு. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்து கொழும்புல ஒரு ஒபிஸ்ல இருக்கிற பிள்ளைக்கு ஈமெயில் எழுதப் பழக்கினது ஆரு? ஆரும் இல்ல. மேல இருந்து வாற ஈமெயிலைப் பாத்து, அதுல இருக்கிற வசனத்தை அப்பிடியே எடுத்து, பிழை வரக்கூடாது எண்டு பயந்து பயந்து எழுதுறதுதான். இன்டர்வியூவுக்குப் போகேக்க அண்ணன்ட ஷேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போற மாதிரி அந்த வசனம். நீங்க அதைத் தூக்கி முழுக் குரூப்புக்கும் முன்னால காட்டினீங்க. அதே சொல் ஹெட்டிட வாயில இருந்தா அதிகாரம், அந்தப் பிள்ளைட ஈமெயில்ல இருந்தா தப்பிப்பிழைக்கிற வழி, ரெண்டையும் ஒரே சர்க்கியுலர்ல போட்டுச் சிரிச்சா, பெரிய அடி விழுறது அந்தப் பிள்ளைக்குத்தான், ஹெட்டுக்கு இல்ல. கொழும்புல இங்கிலீஷ் எண்டது எப்பிடி ஆக்களைப் பிரிச்சு வைக்குது எண்டு உங்களுக்குத் தெரியாதது இல்ல, நீங்களும் மட்டக்களப்புப் பக்கம் வேர் உள்ள ஆள்.

மன்னிப்புக் கேக்கேக்க 'சும்மா பகிடிக்குத்தான்' எண்டு மட்டும் சொல்லிராதீங்க. 'உங்கட ஈமெயில்ல இருந்த வசனத்தை எல்லாருக்கும் முன்னால போட்டேன், அது பிழை, நீங்க கஷ்டப்பட்டிருப்பீங்க, சொரி' எண்டு சொல்லுங்க, அவ்வளவுதான். திரும்ப குரூப்புக்கு வாங்க எண்டு கேக்காதீங்க. வாறதா இல்லையா எண்டது அவட இஷ்டம்.

சரி, பாட்டு.

உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சேன். சர்க்கியுலரைப் பத்தி எவ்வளவு எழுதியிருக்கிறீங்க, பாட்டைப் பத்தி கடைசியில ஒரு ரெண்டு வரி. ஆனா முழுக் கடிதத்துலயும் என்னைப் பிடிச்சு வச்சது அந்த ரெண்டு வரிதான். சொல் விளங்காத பாட்டு, பறங்கி ஆக்கள்ட கல்யாணம், அம்மம்மாட வீடு, அழுகை. இது குரூப்ல இருக்கிறவங்களுக்குத் தெரியுமா? தெரியாது, ஏனெண்டா அவங்களுக்குப் போனது சோனிக் டெலிவரபிள். எனக்கு என்ன தோணுது எண்டா, நீங்க ஹெட்டை நக்கல் பண்றதுக்காக அந்தச் சர்க்கியுலரை எழுதத் தொடங்கேல்ல. 'இந்தப் பாட்டு எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு, கேட்டுப் பாருங்க' எண்டு நேராச் சொல்றதுக்கு வெக்கமா இருந்திருக்கு. ஆரும் கேக்காட்டி? ஆரும் பதில் போடாட்டி? பகிடியோட போட்டா பாட்டு பிடிக்காட்டியும் பகிடிக்குச் சிரிப்பாங்க, நீங்க தப்பிருவீங்க. உங்களுக்கும் உங்கட டீமுக்கும் நடுவுல அந்தச் சர்க்கியுலர் செஞ்ச வேலையும், ஹெட்டிட சினர்ஜி செய்ற வேலையும் ஒண்டுதான் தம்பி, மனசுல இருக்கிறதைச் சொல்லாம இருக்க உதவுறது. இதைக் குத்திக் காட்டுறதுக்காகச் சொல்லேல்ல, உங்களுக்கு நல்ல காது இருக்கு, அதை மறைக்கிறீங்களே எண்ட ஆதங்கத்துல சொல்றேன்.

அந்தக் காது எவ்வளவு சரி எண்டு பாருங்க. செசாரியா எவோரா 1941ல மின்டெலோ எண்ட துறைமுக ஊர்ல பிறந்தவ, கேப் வேர்ட் 1975 வரைக்கும் போர்த்துக்கல்ட கையில இருந்த தீவுக்கூட்டம். அவ பாரிலயும் விருந்துலயும் பாடித் திரிஞ்சா, நடுவுல பத்து வருசம் போலப் பாடுறதையே விட்டிட்டா, 1992ல வந்த ஆல்பத்தோடதான் உலகம் அவவைக் கவனிச்சுது, அப்ப ஐம்பதைத் தாண்டிட்டா. மேடையில செருப்பில்லாமத்தான் நிப்பா. 2011ல காலமானா. அவ பாடின மோர்னா எண்ட பாட்டு வகையை 2019ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. இங்க 1505ல இருந்து 1658 வரைக்கும் போர்த்துக்கேயர் இருந்தாங்க, அவங்க விட்டுட்டுப் போன கிரியோல் பாஷையை இப்பவும் அவங்க வழி வந்த மட்டக்களப்புப் பறங்கியர்ல வயசான ஆக்கள் கதைக்கிறாங்க, கஃப்ரிஞ்ஞா எண்ட ஆட்டப்பாட்டும் அந்த வழியில வந்ததுதான், பைலாப் பாட்டும் அதுக்குப் பிறகு வந்தது. ஒரே கப்பல்காரங்க போய் இறங்கின ரெண்டு கரை. ஒரு சொல்லும் விளங்காம ஹெட்ஃபோன்ல கேட்டு இந்தச் சொந்தத்தை நீங்களாப் பிடிச்சிருக்கிறீங்க. இதைச் சொல்லாம வேற என்னத்தைச் சொல்லப்போறீங்க குரூப்புக்கு?

எப்பிடிச் சொல்றது எண்டு கேப்பீங்க. இதுக்கு நாங்க வெளியில போய்ப் பழகத் தேவையில்ல. இலங்கை வானொலி கேட்டு வளந்த வீடு எண்டா உங்கட அம்மாட்டக் கேளுங்க. நேயர் விருப்பத்துல அறிவிப்பாளர் என்ன சொல்லுவார்? படத்திட பேர், பாடினது ஆர், இசை ஆர், எழுதினது ஆர், இதை விரும்பிக் கேட்டது எந்த ஊர்ல இருந்து ஆரார், அவ்வளவையும் நல்ல தமிழ்ல நிதானமாச் சொல்லிட்டுப் பாட்டைப் போட்டிருவார். பி. எச். அப்துல் ஹமீத் சொல்லுறதைக் கேட்டா பாட்டு தொடங்க முதலே கேக்கணும் எண்ட ஆசை வந்திரும், அதுல ஒரு அலங்காரச் சொல்லும் தேவைப்படேல்ல. தமிழ்நாட்டுல இருந்தும் போஸ்ட்கார்ட் வந்துச்சு அந்த நிகழ்ச்சிகளுக்கு. இதே கொழும்புல, டொரிங்டன் சதுக்கத்துல இருந்துதான் அது போச்சு.

நான் எழுதினா உங்கட மெசேஜ் இப்பிடி இருக்கும்:

'இது கேப் வேர்ட் தீவுல இருந்து செசாரியா எவோரா பாடினது. போர்த்துக்கேயக் கிரியோல்ல பாடுறா, எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல. மட்டக்களப்புல சின்ன வயசுல பறங்கி ஆக்கள்ட கல்யாணத்துல கேட்ட பாட்டு ஞாபகம் வந்துச்சு. நாலு நிமிசம்தான், இரவைக்கு ஹெட்ஃபோன்ல கேளுங்க. வீட்டுல இந்த மாதிரிப் பாட்டுக் கேட்டவங்க இருந்தா எனக்குச் சொல்லுங்க.'

கடைசி வரி முக்கியம். கேள்வி ஒண்டு இருந்தா பதில் வரும், லைக் மட்டும் வராது. மொரட்டுவையில இருந்து வாற ஒரு சிங்கள நண்பர் 'எங்கட தாத்தா பைலா பேண்ட்ல இருந்தவர்' எண்டு எழுதினாலும் எழுதுவார், அந்தக் கடற்கரைப் பக்கம் அப்பிடியான குடும்பங்கள் எத்தனையோ இருக்கு. உங்கட டீம்ல சிங்கள ஆக்கள் இருந்தா அவங்களுக்கும் விளங்குற மாதிரி எழுதுங்க, இங்கிலீஷ்ல எண்டாலும் இதே மாதிரி நேரா. 2006ல ரென்ட்ஃப்ரோ, கோஸ்லிங் எண்டு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு ஆராய்ச்சி செய்தாங்க, முன்பின் தெரியாத இளம் ஆக்களை இணையத்துல கதைச்சுப் பழக விட்டுப் பாத்தா, அவங்க மத்த எதையும் விட பாட்டைப் பத்தித்தான் கூடக் கதைச்சாங்களாம். 'பாட்டு மட்டும்தான் நான்' எண்டு நீங்க எழுதினது பெரிய வார்த்தை மாதிரித் தெரியலாம், எனக்கு அது சரியாத்தான் படுது, ஒரு ஆளை அறியிறதுக்கு அது நல்ல வாசல்.

இன்னொரு விசயம், ஒரு கிழமைக்கு ஒண்டு எண்டது நல்ல அளவு, கூட்ட வேணாம். தெரியாத பாஷைப் பாட்டை முதல் தரம் கேட்டு ஆருக்கும் உடனே பிடிச்சிராது. சயோன்க் எண்ட உளவியலாளர் 1968லயே காட்டியிருக்கிறார், ஒண்டைத் திரும்பத் திரும்பக் கண்டாலே கேட்டாலே அது மேல விருப்பம் கூடும் எண்டு. அதால ஆரும் ஒண்டும் சொல்லேல்லை எண்டு மனசு விட்டிராதீங்க, ரெண்டு மாசம் கழிச்சு அதே பாட்டைத் திரும்பப் போடுங்க. லிங்க் யூட்யூப்ல இருந்து குடுங்க, எல்லாரிட்டயும் ஸ்பொட்டிஃபை இல்ல, டேட்டாவும் எல்லாருக்கும் தாராளமா இல்ல. குரூப் வேற ஒண்டு, வேலைக் குரூப் இல்லாம. விரும்பினவங்க மட்டும் வரட்டும், ஏழு பேர் எண்டாலும் பரவாயில்ல. ஒபிஸ் விசயம் ஒண்டும் அதுல கதைக்கக்கூடாது எண்டு முதல் நாளே சொல்லிருங்க. ஹெட் வந்து சேர்ந்தா சேரட்டும், அவரும் வீட்டுல ஏதோ பாட்டுக் கேக்கிற மனுசன்தான்.

நக்கல் எழுதுற கையை என்ன செய்றது? அந்தக் கை வீணாப்போக வேணாம். இவ்வளவு கச்சிதமா சர்க்கியுலர் பாஷையை எழுத ஏலும் எண்டா, அதுல எங்க என்ன மறையுது எண்டும் உங்களுக்குத் தெரியும். அடுத்த தரம் ஷிஃப்ட் மாத்தத்துக்கோ லீவு விசயத்துக்கோ விளங்காத மாதிரி ஒரு நோட்டீஸ் வந்தா, ஆர், எப்ப, எத்தனை மணிக்கு, ஆருட்டக் கேக்கிறது எண்டு நாலு வரியில தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி, சிங்களத்துல ஒரு நண்பரிட்ட எழுதிவாங்கி, சூப்பர்வைசரிட்டக் குடுங்க, 'இதை இப்பிடிப் போட்டா எல்லாருக்கும் விளங்கும், போடட்டா' எண்டு. நிறைய சூப்பர்வைசர்மார் சந்தோசமா விட்டிருவாங்க, ஏனெண்டா அவங்களுக்கும் அந்த நோட்டீஸ் விளங்கியிருக்காது. வேலை போற மாதிரி, சம்பளம் குறையிற மாதிரி ஏதும் சுத்தி வளைச்சு வந்தா மட்டும், அங்க நேராக் கேள்வி கேளுங்க, எத்தனை பேர், எந்தத் திகதி எண்டு, மரியாதையா, எழுத்துல. அந்தத் தாயிட கேள்வியை அவவுக்கு முதல் ஆராவது கேட்டிருக்கணும்.

மன்னிப்புக் கேட்டபிறகு என்ன நடந்துச்சு எண்டு எனக்கு எழுதுங்க. அடுத்த பாட்டுக்கு நானும் ஒண்டு சொல்றேன், புத்தளத்துக்குக் கிட்ட சிரம்பியடியில ஆபிரிக்க வழி வந்த கஃபிர் சமூகம் இருக்கு, அவங்க பாடுறது மஞ்ஜா, கிரியோல் வரிகள், றபான் எண்ட மேளத்தோட தேங்காய்ச் சிரட்டையும் போத்தலும் கரண்டியும்தான் தாளம், மெதுவாத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போகும். எவோராவுக்குப் பிறகு அதைக் கேட்டுப் பாருங்க, குரூப்ல போட்டா உங்கட பேரோட போடுங்க.